பழைய கணினிக்குப் புது கீபோர்டு: யூஎஸ்பி அடாப்டருக்குள் என்ன நடக்கிறது?

பழைய கணினிகளைத் தேடிப் பிடித்து ஓட்டுகிறவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது: பெட்டி பிழைத்துக்கொள்கிறது, கீபோர்டும் மவுஸும் முதலில் போய்விடுகின்றன. சிப்பை யாரும் தொடுவதில்லை, கீயை எல்லோரும் அழுத்துகிறார்கள். கீபோர்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தாளில் மின்சாரம் ஓடும் கோடுகள் உரிந்துவிடும். சில கீபோர்டுகளில் கீயின் அடியில் இருக்கும் ஸ்பாஞ்சு பொடிப்பொடியாக உதிரும். மவுஸுக்குள் உருளைகளில் அழுக்கு ஏறி அம்புக்குறி திக்கித் திக்கி நகரும். வேறொன்று வாங்கலாம் என்றால் கிடைப்பதும் அதே வயதுப் பொருள்தான்.

இன்னொரு பக்கம், நல்ல யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் கேம்பேடும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அதைக் கொண்டுபோய் இதில் மாட்ட முடியுமா? முடியும், நன்றாகவே முடியும். ஆனால் செருகும் முனையை மட்டும் மாற்றினால் வேலை நடக்காது. நடுவில் ஒரு சின்னக் கணினியே உட்கார்ந்தாக வேண்டும். ஏன் அப்படி என்று புரிந்துவிட்டால், எந்த அடாப்டர் உங்களுக்கு ஒத்துவரும், எது பணத்துக்குக் கேடு என்று நீங்களே சொல்லிவிடலாம்.

யார் முதலில் பேசுவது?

யூஎஸ்பி 1996-இல் வந்தது. அதில் ஒரு கண்டிப்பான ஒழுங்கு உண்டு. ஒரு முனையில் ஹோஸ்ட், அதாவது கேள்வி கேட்டு நடத்தும் கணினி; மறுமுனையில் சாதனம். ஹோஸ்ட் கேட்காமல் சாதனம் வாயே திறக்காது. நீங்கள் கீயை அழுத்தினாலும் கீபோர்டு அதை மனதில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். ஹோஸ்ட் சில மில்லிசெகண்டுக்கு ஒருமுறை "ஏதாவது உண்டா?" என்று கேட்கும், அப்போதுதான் பதில் போகும். அதற்கும் முன்னால், செருகியவுடனே ஒரு விசாரணை நடந்திருக்க வேண்டும். நீ யார், என்ன வகை, எவ்வளவு மின்சாரம் வேண்டும், நீ அனுப்பும் தகவல் எந்த வடிவில் இருக்கும் என்றெல்லாம் ஹோஸ்ட் கேட்டுத் தெரிந்துகொண்டு, சாதனத்துக்கு ஒரு எண்ணையும் முகவரியாகக் கொடுக்கும்.

பழைய கணினிகளில் கதை வேறு. ஐபிஎம் பிசி குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1984-இல் வந்த ஏடி கணினியிலும், 1987-இல் வந்த பிஎஸ்/2 கணினிகளிலும் பேச்சைத் தொடங்குவது கீபோர்டுதான். இரண்டே கம்பிகள்: ஒன்றில் கடிகாரத் துடிப்பு, இன்னொன்றில் தகவல். துடிப்பைக் கொடுப்பதும் கீபோர்டே. விநாடிக்குப் பத்தாயிரம் முதல் பதினாறாயிரத்துச் சொச்சம் துடிப்பு வேகத்தில், ஒவ்வொரு பைட்டும் 11 பிட்டாகப் போகும். கணினி தானே ஏதாவது சொல்ல விரும்பினால் கடிகாரக் கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்து "கொஞ்சம் பொறு" என்று குறிப்புக் காட்டும்.

இப்போது யூஎஸ்பி மட்டுமே தெரிந்த ஒரு கீபோர்டை எப்படியோ பிஎஸ்/2 துளையில் மாட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். கீபோர்டு ஹோஸ்ட் கேட்கட்டும் என்று காத்திருக்கும். கணினி கீபோர்டு சொல்லட்டும் என்று காத்திருக்கும். இரண்டு பக்கமும் மௌனம்.

"ஆனால் பச்சை நிறத்திலும் ஊதா நிறத்திலும் சின்னதாக ஒரு பிளக் கிடைக்குமே, அதைப் போட்டால் யூஎஸ்பி மவுஸ் பிஎஸ்/2-வில் ஓடியதே?" என்று பலர் கேட்பார்கள். ஓடியது உண்மை. அதற்குள் வெறும் கம்பிதான், சிப் எதுவும் கிடையாது. இரு தகவல் கம்பிகளும் மின்சாரக் கம்பிகளும் வேறு பின்களுக்குப் போகும், அவ்வளவே. வித்தை பிளக்கில் இல்லை, அந்தக் கால மவுஸுக்குள் இருந்தது. இரண்டு மொழியும் தெரிந்த சிப்பை அதில் வைத்திருந்தார்கள். மின்சாரம் வந்ததும் எதில் மாட்டியிருக்கிறோம் என்று பார்த்து அதற்கேற்பப் பேசும். இன்று விற்கும் கீபோர்டுகளிலும் மவுஸ்களிலும் பெரும்பாலானவற்றுக்கு யூஎஸ்பி மட்டும்தான் தெரியும். அதனால் இந்த பிளக்கை நம்பி இறங்காதீர்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. ஒரு பக்கம் இரண்டு பிஎஸ்/2 துளை, மறுபக்கம் ஒரு யூஎஸ்பி வால் என்று ஒரு அடாப்டர் பரவலாகக் கிடைக்கும். அது பழைய கீபோர்டைப் புதுக் கணினியில் மாட்டுவதற்கானது. திருப்பிப் போட்டு ஓட்ட முடியாது. நமக்கு வேண்டியது எதிர்த் திசை: யூஎஸ்பி பக்கம் ஹோஸ்டாக இருந்து கேள்வி கேட்க வேண்டும், மறுபக்கம் பழைய கீபோர்டாகவே நடிக்க வேண்டும். இரு தரப்புக்கும் நடுவே நிற்கும் துபாஷி மாதிரி.

ஒரே ஒரு கீயைப் பின்தொடர்வோம்

ஏ என்ற கீயை அழுத்துகிறீர்கள். யூஎஸ்பி கீபோர்டு தன் எளிய நிலையில் எட்டு பைட் கொண்ட ஒரு கட்டை அனுப்பும். முதல் பைட்டில் ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட் போன்றவற்றின் நிலை, இரண்டாவது சும்மா, மீதி ஆறில் இப்போது அழுந்தியிருக்கும் கீகளின் எண்கள். ஏ-வின் எண் 4. ஆக, போவது 0, 0, 4, 0, 0, 0, 0, 0. கையை எடுத்ததும் எட்டும் பூஜ்யமாகிவிடும். கவனியுங்கள்: "ஏ அழுத்தப்பட்டது", "ஏ விடப்பட்டது" என்று யூஎஸ்பி கீபோர்டு சொல்வதே இல்லை. இந்தக் கணத்தில் எவையெல்லாம் அழுந்தியிருக்கின்றன என்ற பட்டியலை மட்டும் தருகிறது.

ஏடி கணினி எதிர்பார்ப்பது நிகழ்ச்சிகளை. ஏ அழுந்தினால் 28. விட்டால் 240, அப்புறம் 28. அதற்கு முந்திய ஐபிஎம் பிசி, எக்ஸ்டி கணினிகளில் எண்களே வேறு: அழுத்தினால் 30, விட்டால் அதோடு 128 கூட்டி 158. எனவே அடாப்டர் முந்தைய பட்டியலையும் இப்போது வந்த பட்டியலையும் ஒப்பிட்டு, புதிதாக வந்தது எது, காணாமல் போனது எது என்று கண்டுபிடித்து, அதற்குரிய எண்ணை அனுப்ப வேண்டும்.

இதோடு முடிந்துவிடவில்லை. ஒரு கீயை அழுத்திப் பிடித்தால் எழுத்து மீண்டும் மீண்டும் விழுகிறதே, அதைச் செய்வது யார்? இன்றைய கணினியில் இயங்குதளம். ஏடி காலத்தில் கீபோர்டே செய்தது: அரை விநாடி பொறுத்து, பிறகு விநாடிக்கு ஏறத்தாழ 11 முறை. யூஎஸ்பி கீபோர்டு இதைச் செய்யாது என்பதால் அடாப்டர்தான் நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். கேப்ஸ் லாக் விளக்கும் அப்படித்தான். ஏடி கணினி "விளக்கைப் போடு" என்று கட்டளை அனுப்பும். அடாப்டர் அதை யூஎஸ்பி பக்கம் கடத்தலாம். எக்ஸ்டியில் பேச்சு ஒருவழிப் பாதை, கணினியிடமிருந்து கட்டளையே வராது. அங்கே அடாப்டர் தானே கணக்கு வைத்துக்கொண்டு விளக்கை ஏற்றி அணைக்க வேண்டியிருக்கும்.

நல்ல அடாப்டரையும் சுமாரான அடாப்டரையும் நான் பிரித்துப் பார்ப்பது இந்த இடத்தில்தான். எழுத்து விழுகிறதா என்பது சோதனையே இல்லை. அழுத்திப் பிடித்தால் ஒழுங்காகத் திரும்ப வருகிறதா, இரண்டு மூன்று கீகளைச் சேர்த்துப் பிடித்து ஒன்றை மட்டும் விட்டால் சரியாகப் புரிந்துகொள்கிறதா, கணினி போட்டவுடன் தயாராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது முக்கியம். ஐபிஎம் கணினி விழித்தெழும்போது கீபோர்டு இருக்கிறதா என்று சோதிக்கும். கீபோர்டு 170 என்ற எண்ணை அனுப்பி "நலம்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திரையில் 301 என்ற பிழை எண் வந்து நிற்கும். யூஎஸ்பி பக்கத்து விசாரணை முடிய நேரம் பிடிக்கும் என்பதால், அது முடியும் முன்பே பழைய பக்கத்துக்குப் பதில் சொல்லத் தெரிந்த அடாப்டர் வேண்டும்.

எக்ஸ்டி, ஏடி இரண்டிலும் துளை ஒன்றே: வட்டமான 5 பின் டின். உள்ளே பேசும் மொழி வேறு. அந்தக் காலத்துக் கீபோர்டுகள் சிலவற்றின் அடியில் எக்ஸ்டி, ஏடி என்று மாற்றும் சின்ன சுவிட்ச் இருந்தது இதனால்தான். துளை பொருந்துகிறது என்பதற்காக அடாப்டரும் பொருந்தும் என்று முடிவு கட்டக் கூடாது.

மொழியே பேசாத கணினிகள்

கொமடோர் 64, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் போன்ற 1982-ஆம் ஆண்டு வீட்டுக் கணினிகளில் கீபோர்டு ஒரு தனிச் சாதனமே அல்ல. வெறும் சுவிட்சுகளின் கட்டம். கொமடோர் 64-இல் எட்டுக்கு எட்டு. கணினியே ஒவ்வொரு வரிசையாக மின்னழுத்தத்தை இறக்கி, எந்த நிரலில் (செங்குத்து வரிசையில்) அது தெரிகிறது என்று பார்த்து, எந்தக் கீ என்று கண்டுபிடிக்கிறது. இங்கே அனுப்புவதற்கு எண் எதுவும் கிடையாது. கணினி எந்த நேரத்தில் எந்த வரிசையைத் தொட்டாலும், அதற்கான நிரல் உடனே பதில் காட்ட வேண்டும்.

இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. எம்டி8808 என்று ஒரு சிப் உண்டு. எட்டுக்கு எட்டு மின்னணு சுவிட்சுகள் அதற்குள் இருக்கின்றன. அடாப்டர் யூஎஸ்பியில் ஏ வந்ததைப் பார்த்து, அந்தச் சிப்பில் ஏ-வுக்குரிய சந்திப்பை மூடிவிடும். அதன் பிறகு கணினி தன் போக்கில் படித்துக்கொள்ளும். உண்மையிலேயே ஒரு விரல் அழுத்தியதற்கும் இதற்கும் கணினிக்கு வித்தியாசம் தெரியாது. வரிசையையும் நிரலையும் தலைகீழாக வைத்துப் படிக்கும் புரோகிராம்கள்கூட ஏமாறுவதில்லை, ஏனென்றால் அந்தச் சுவிட்சில் மின்சாரம் இரு பக்கமும் ஓடும். ரிஸ்டோர் கீ மட்டும் இந்தக் கட்டத்துக்கு வெளியே தனிக் கம்பியில் இருப்பதால் அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

ஸ்பெக்ட்ரத்தில் 40 கீகள்தான். எட்டு அரை வரிசை, ஒவ்வொன்றிலும் ஐந்து. பேக்ஸ்பேஸ் என்று ஒரு கீ முதல் மாடலில் கிடையாது; கேப்ஸ் ஷிஃப்டோடு 0 அழுத்த வேண்டும். அம்புக் கீகள் கேப்ஸ் ஷிஃப்டோடு 5, 6, 7, 8. ஆகவே நீங்கள் யூஎஸ்பி கீபோர்டில் ஒரே ஒரு பேக்ஸ்பேஸ் தட்டினால் அடாப்டர் இரண்டு சந்திப்புகளை மூட வேண்டும். அதுவும் முதலில் ஷிஃப்ட், பிறகு 0 என்ற வரிசையில்.

இங்கிருந்து ஒரு கேள்வி எழும்: கீ இருக்கும் இடத்தை வைத்துப் பொருத்துவதா, மேலே அச்சடித்த குறியை வைத்துப் பொருத்துவதா? கொமடோரில் இரட்டை மேற்கோள் குறி ஷிஃப்டோடு 2. இன்றைய அமெரிக்க அமைப்புக் கீபோர்டில் அது வேறு இடம். தட்டச்சு செய்யப் போகிறவருக்குக் குறிப்படி இருந்தால் வசதி. விளையாடப் போகிறவருக்கு இடப்படி இருந்தால் வசதி, கை பழகிய இடத்திலேயே கீ இருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள விடும் அடாப்டரையே நான் சொல்வேன்.

ஆப்பிள் பக்கத்தில் 1986-இல் ஆப்பிள் 2ஜிஎஸ் கணினியோடு ஏடிபி என்ற இணைப்பு வந்தது. ஒரே ஒரு தகவல் கம்பியில் கீபோர்டும் மவுஸும் சங்கிலியாகத் தொங்கும். கணினிதான் கேட்கும், சாதனம் பதில் சொல்லும். அந்த வகையில் யூஎஸ்பியின் மனப்போக்குக்கு இது கிட்டத்தில் இருக்கிறது. 1998-இல் ஐமேக் அதைக் கைவிட்டு யூஎஸ்பிக்கு மாறியது. 1984-இன் முதல் மெக்கின்டோஷில் ஏடிபி கிடையாது. கீபோர்டுக்குத் தொலைபேசிக் கம்பி போலவே ஒரு முனை இருக்கும். அதில் உண்மையான தொலைபேசிக் கம்பியை மாட்டிவிடாதீர்கள், உள்ளே கம்பிகள் இடம் மாறி இருப்பதால் சேதமாகலாம்.

மவுஸ்: வேகம்தான் தொல்லை

கீபோர்டைவிட மவுஸில்தான் நுணுக்கம் அதிகம் என்பது என் எண்ணம். புது மவுஸ் அளவுக்கு மீறி நன்றாக இருப்பதே காரணம்.

அமிகா, அட்டாரி எஸ்டி கணினிகளின் மவுஸ் எண் எதையும் அனுப்பாது. கிடைமட்டத்துக்கு இரண்டு கம்பி, செங்குத்துக்கு இரண்டு. ஒவ்வொரு ஜோடியிலும் மின்னழுத்தம் ஏறி இறங்கும். ஒன்று மற்றொன்றைவிடக் கால் சுற்று முன்னே பின்னே இருக்கும். எது முதலில் மாறுகிறது என்பதை வைத்துத் திசையைக் கணினி அறிகிறது. யூஎஸ்பி மவுஸ் "வலப்பக்கம் 40" என்று ஒரே எண்ணாகச் சொன்னால், அடாப்டர் அதை நாற்பது சின்ன அடிகளாகப் பிரித்து, இடைவெளி விட்டு எடுத்து வைக்க வேண்டும்.

அடிகள் மிக அதிகமானால் என்ன ஆகும்? அமிகாவில் இந்த அடிகளை எண்ணும் இடம் எட்டு பிட் அகலம். கணினி திரையின் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒருமுறை அதைப் படிக்கும், அதாவது விநாடிக்கு 50 அல்லது 60 முறை. இரண்டு படிப்புகளுக்கு நடுவே 127 அடிக்கு மேல் போய்விட்டால், முன்னால் போனதா பின்னால் வந்ததா என்று கணினிக்குத் தெரியாது. வலது பக்கம் வேகமாக இழுத்தால் அம்புக்குறி இடது பக்கம் தாவும். அங்குலத்துக்குச் சில நூறு அடி எண்ணிய பழைய மவுஸில் இந்தப் பிரச்சினை எட்டிப் பார்க்கவே இல்லை. இன்றைய மவுஸ் 1600-ம் அதற்கு மேலும் எண்ணும். எனவே அடாப்டர் வகுத்துக் குறைக்க வேண்டும். குறைக்கும்போது மிச்சப்படும் பின்னத்தைத் தூக்கி எறியாமல் அடுத்த அசைவோடு சேர்க்க வேண்டும். எறிந்துவிட்டால் மெதுவாக நகர்த்தும்போது அம்புக்குறி நகராது, படம் வரைகிறவர் பாடு திண்டாட்டம்.

பிசியின் சீரியல் துளையில் (பிட்டுகள் ஒவ்வொன்றாகப் போகும் துளை) மாட்டும் மவுஸ் வேறு ரகம். மைக்ரோசாஃப்ட் முறையில் விநாடிக்கு 1200 பிட் வேகம், ஒரு அசைவுக்கு மூன்று பைட். கணக்குப் போட்டால் விநாடிக்குச் சுமார் 40 தகவல்தான் போகும். விளையாட்டுக்கான யூஎஸ்பி மவுஸ் விநாடிக்கு 1000 முறை பேசக் கூடியது. நடுவில் வருவதையெல்லாம் கூட்டி வைத்து ஒரே எண்ணாக அனுப்புவது அடாப்டரின் வேலை. அந்தத் துளையில் மின்சாரத்துக்கென்று தனிக் கம்பியும் இல்லை. பழைய மவுஸ் சமிக்ஞைக் கம்பியிலிருந்தே கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். யூஎஸ்பி மவுஸுக்கு அது போதாது, அடாப்டருக்கு வெளியிலிருந்து 5 வோல்ட் கொடுத்தாக வேண்டும்.

கேம்பேட்

அட்டாரி பாணி 9 பின் ஜாய்ஸ்டிக் துளைதான் இருப்பதிலேயே எளிது. நான்கு திசை, ஒரு சுடும் பட்டன், ஐந்து சுவிட்ச். அழுத்தினால் அந்தக் கம்பி தரையோடு சேரும். கேம்பேடில் இருக்கும் குச்சி எவ்வளவு சாய்ந்தது என்று எண்ணாகச் சொல்லும்; எந்த அளவைத் தாண்டினால் திசையாகக் கொள்வது என்று அடாப்டர் முடிவு செய்யும். அந்த எல்லையை மிக நெருக்கமாக வைத்தால் தொடாமலே நகரும், தள்ளி வைத்தால் மந்தமாக இருக்கும். பழைய விளையாட்டுகள் பலவற்றில் குதிப்பதற்குக் குச்சியை மேலே தள்ள வேண்டும். கேம்பேடில் ஒரு பட்டனை "மேல்" என்று பொருத்திக்கொள்வது பெரிய நிம்மதி.

பிசியின் 15 பின் கேம் போர்ட் சிக்கலானது. அது மின்தடையை நேரமாக மாற்றி அளக்கும். குச்சிக்குள் 0 முதல் ஒரு லட்சம் ஓம் வரை மாறும் மின்தடை. கணினி ஒரு டைமரைத் தட்டிவிட்டு, அது முடியும் வரை எண்ணும். அதிகபட்சம் ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்ட். கேம்பேடின் எண்ணை இங்கே மறுபடியும் மின்தடையாக ஆக்க வேண்டும்.

9 பின் துளை ஒன்றுபோல இருக்கிறது என்று எதையும் எதிலும் மாட்டக் கூடாது. கொமடோர் 64-இல் ஏழாவது பின்னில் 5 வோல்ட் வரும். சேகா மெகா டிரைவின் கேம்பேடில் 5 வோல்ட் எதிர்பார்ப்பது ஐந்தாவது பின். ஏழாவது வேறு வேலைக்கு. நேராக மாட்டினால் கணினிக்கே ஆபத்து.

யூஎஸ்பி பக்கத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. கீபோர்டு, மவுஸ்களுக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட எளிய நிலை ஒன்று இருக்கிறது, எந்த அடாப்டரும் அதைக் கேட்டு வாங்கலாம். கேம்பேடுக்கு அப்படி ஒன்று கிடையாது. எக்ஸ்பாக்ஸ் 360 கேம்பேட் தனக்கென்று சொந்த முறையில் பேசும். அதனால் வாங்கும் முன் உங்கள் கேம்பேடின் பெயர் அடாப்டரின் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாட்டுவதற்கு முன்

ஒளி விளக்குகள் மின்னும் கீபோர்டைத் தவிருங்கள். பழைய போர்டில் கீபோர்டு துளைக்குப் பின்னால் ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கும், பெரும்பாலும் சால்டர் வைத்தது. அளவுக்கு மேல் இழுத்தால் அது போய்விடும், மாற்றுவது லேசான வேலை அல்ல. பிஎஸ்/2, ஏடிபி துளைகளில் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது செருகுவதும் பிடுங்குவதும் வேண்டாம். அவை அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அடாப்டரின் யூஎஸ்பி பக்கத்தில் மாற்றலாம், அது பிரச்சினையில்லை.

சொந்தமாகச் செய்து பார்க்க ஆசையிருந்தால், 2021-இல் வந்த ராஸ்பெரி பை பிகோ நல்ல தொடக்கம். யூஎஸ்பி ஹோஸ்டாக இருக்கவும் முடியும், துல்லியமான நேரத்தில் துடிப்புகளைத் தரவும் முடியும். ஆனால் அதன் பின்கள் 3.3 வோல்ட் வரைதான் தாங்கும், பழைய கணினியோ 5 வோல்ட். நடுவே மின்னழுத்தத்தை மாற்றும் சுற்று போட்டே ஆக வேண்டும். எல்லோருக்கும் திறந்த வரைபடங்களாக ஹிட்மேன், யூஎஸ்பி4விசி என்ற அடாப்டர்கள் இரண்டும் படிக்கத் தகுந்தவை. முதலாவது சிஎச்559 என்ற ஒரே சிப்பில் பிசி வேலைகளைக் கவனிக்கிறது. இரண்டாவதில் கணினிக்கு ஏற்றபடி கார்டை மாற்றிப் பொருத்தலாம்.

உங்கள் பெட்டி தொண்ணூறுகளின் கடைசியில் வந்த பிசியாக இருந்து, பின்னால் யூஎஸ்பி துளையும் இருந்தால், அடாப்டர் தேடும் முன் பயாஸ் (கணினி போட்டவுடன் முதலில் ஓடும் மென்பொருள்) அமைப்புக்குள் போய் யூஎஸ்பி லெகசி என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அதை இயக்கிவிட்டால் யூஎஸ்பி கீபோர்டைப் பிஎஸ்/2 கீபோர்டு போலவே பயாஸ் காட்டும். பழைய இயங்குதளமான டாஸ் கூட வித்தியாசம் அறியாது. செலவே இல்லை.

அடாப்டர் வந்து சேர்ந்ததும், இருப்பதிலேயே சாதாரணமான, கம்பியுள்ள கீபோர்டை முதலில் மாட்டிப் பாருங்கள். அது ஓடினால், பிறகு வயர்லெஸ் டாங்கிளை (கம்பியில்லாக் கீபோர்டு, மவுஸோடு வரும் சின்ன யூஎஸ்பி செருகியை) போடுங்கள். டாங்கிள் ஒன்றுதான் என்றாலும் கீபோர்டு, மவுஸ் இரண்டாகவும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். ஒரு துளையில் இரண்டு சாதனத்தை ஏற்கத் தெரியாத அடாப்டரில் கீபோர்டு மட்டும் ஓடி மவுஸ் அசையாமல் நிற்கும். அப்படி நின்றால் கோளாறு உங்கள் பழைய கணினியில் இல்லை, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. அடாப்டருக்குப் புது ஃபர்ம்வேர் (அதற்குள் ஓடும் மென்பொருள்) வந்திருக்கிறதா என்று பாருங்கள்.